பூச்சும் மெய்யும்

எப்பொருளுக்கும் மேற்புறம் என்றும் உட்புறம் என்றும் இரு பகுதிகள் உண்டு. கண்ணுக்கு முதலில் புலனாவது மேற்புறமே. உட்புறத்தை அறியக் காலமும் பொறுமையும் வேண்டும். ஆதலின், மேலே தெரிவதெல்லாம் பொய், உள்ளே இருப்பதே மெய், மேலுள்ளதை நீக்கிவிட்டால் மெய் தானே வெளிப்பட்டுவிடும் என்று கருதுவது உலக இயல்பாயிற்று. இக்கருத்து முற்றிலும் பொருந்துமா? எதை நீக்கலாம், எதை நீக்கலாகாது? நீக்குவதற்கு உரியவர் யார்? நீக்கிய பின் செய்ய வேண்டுவது யாது? இவ்வினாக்கள் தத்துவ நூல்களுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டுவதில்லை. பழைய மரச் சாமான்களின்மீது ஏறிய வர்ணத்தை உரித்து, மரத்தின் இயல்பான நிறத்தை மீட்கும் எளிய கைத்தொழில் ஒன்றிலேயே இவை அனைத்தும் அடங்கிக் கிடக்கின்றன. திருவிழாவை முன்னிட்டு உள்ளத்தைத் தூய்மை செய்துகொள்ள வரும் அடியார்கள் அத்தொழிலைச் சற்றே உற்று நோக்குவது பயன் தரும்.

கடற்கரைக் கதவுகள்

தூத்துக்குடிக்கு வடக்கே, மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் அமைந்த ஊர் வேம்பார். முத்துக்குளித்துறையின் ஏழு கடற்றுறைகளுள் ஒன்றாக எண்ணப்பெற்று வந்த பழம்பதி அது. ஒருபுறம் பரதவ மக்களின் கடல்தொழில். மறுபுறம் பனங்காடும் கருப்பட்டித் தொழிலும். எதிரே கடலில், வேம்பார்த் தீவுக்கூட்டம் என்று கடல்நூலார் வழங்கும் சிறு தீவுகள் உள்ளன. இவ்வூரில் மரத்திற்குப் பகை மூன்று. உப்புக் காற்று ஒன்று. ஆண்டு முழுவதும் காயும் வெயில் மற்றொன்று. செல் எனப்படும் கறையான் மூன்றாவது. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் மரத்தின் நார்களைப் பிணைத்து நிற்கும் பொருளைச் சிதைப்பதால், பூச்சில்லாத மரம் நாளடைவில் சாம்பல் நிறம் பெற்று, மேற்பரப்பு நொய்ந்து வெடிக்கிறது. கடலில் மிதக்கும் கலத்திற்கோ இவற்றினும் கொடிய பகை உண்டு. கப்பற்புழு என்னும் உயிர் மரத்தின் அடிப்புறத்தைத் துளைத்து உள்ளே குடைந்து செல்லும். அதனால்தான் இந்நாட்டுக் கடலோடிகள் வள்ளத்துக்கும் தோணிக்கும் மீனெண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசி வந்தனர்.

பூச்சு முதலில் பொய்யாகப் பிறக்கவில்லை என்பதை இதனால் அறியலாம். காக்கும் கருத்துடனேயே அது பிறந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதி வரை இரங்கூன், மௌல்மீன் துறைமுகங்களிலிருந்து பர்மாத் தேக்கு கப்பல் ஏறித் தமிழகத்துக்கு வந்துகொண்டிருந்தது. வசதி படைத்த இல்லங்களின் நிலைகளும் கதவுகளும் ஊஞ்சற்பலகைகளும் அத்தேக்கினால் இழைக்கப்பெற்றன. நிலையின் மேற்கட்டையில் தாமரையும் கொடியும் கிளியும் செதுக்கி, எண்ணெய் ஊட்டி, அம்மரத்தின் ரேகை தெரியும்படி விட்டனர் அந்நாளைய தச்சர். பிறகு வந்த தலைமுறையினர் ஒரு கலியாணத்துக்குப் பச்சை வர்ணம் அடித்தனர். மற்றொரு பொங்கலுக்கு நீலம். அடுத்து ஒரு காப்பிநிறம். ஒவ்வொரு பூச்சும் வீட்டைப் புதிதாகக் காட்ட வேண்டும் என்ற அன்பினால் நேர்ந்ததே. ஆயினும் பத்துப் பூச்சு ஏறிய பின், தாமரையின் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கிளியின் கண் மறைந்தது. தேக்கும் காட்டு மரமும் ஒரே தோற்றம் பெற்றன. காப்பதற்கு வந்தது, காக்கப்படுவதையே மறைத்துவிட்டது.

மனிதனிடத்திலும் இதே முறையில்தான் பூச்சுகள் ஏறுகின்றன. குழந்தையிடம் பிறர் மதிப்பைப் பெற வேண்டும் என்ற ஆசை ஒரு காப்பாகத் தோன்றுகிறது. அது வளர்ந்து குடிப்பெருமையாகவும் பதவிச் செருக்காகவும் படிப்பின் இறுமாப்பாகவும் மேன்மேலும் அடுக்கேறுகிறது. எந்த ஓர் அடுக்கும் வஞ்சனையோடு பூசப்பட்டதன்று. ஆனால் முடிவில் அம்மனிதன் தன்னையே காண முடியாதவனாகிறான்.

உரிக்கும் முறைகள்

ஏறிய வர்ணத்தை இறக்குவதற்குப் பல வழிகள் உண்டு. அனல்காற்றைச் செலுத்தி வர்ணத்தை இளக்கிச் சுரண்டியால் எடுப்பது ஒன்று. காஸ்டிக் சோடா போன்ற காரத்தில் ஊறவைப்பது மற்றொன்று. வேதிச் சரக்கைப் பூசிக் கொப்புளிக்கச் செய்து வழித்தெடுப்பது வேறொன்று. உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது எல்லோரும் அறிந்தது. இவற்றுள் எதுவும் தனக்கென ஒரு தீங்கு இல்லாததன்று. அனல் மிகுந்தால் மரம் கருகும். காரத்தில் ஊறினால் சில மரங்கள் கறுக்கும், நார் ஊதும், பழைய ஒட்டுப்பசை இளகி மூட்டுகள் கழலும். உப்புத்தாள் தாமரை இதழையும் அதன்மேல் உள்ள வர்ணத்தையும் வேறுபாடறியாது. இரண்டையும் ஒருங்கே தேய்த்துவிடும். தேர்ந்த தச்சர் ஒருவர் முதலில், மறைவான ஒரு மூலையில் உள்ளங்கை அகலம் மட்டும் உரித்துப் பார்ப்பார். அடியில் இருப்பது என்ன மரம், பூச்சு எத்தனை அடுக்கு, செதுக்கல் எவ்வளவு ஆழம் என்று அறிந்த பிறகே முன்பக்கத்தைத் தொடுவார். செதுக்கல் உள்ள இடத்தில் இரும்பை விட்டு மூங்கிற் குச்சியையோ மரக் குச்சியையோ கையில் எடுப்பார். அவருடைய வேலையில் பாதி, கையை அடக்குவதே.

பழமைப் பொருள்களைப் பேணும் அறிஞர்களிடம் மேலும் ஒரு வழக்கம் உண்டு. பூச்சு முழுவதையும் அவர்கள் நீக்குவதில்லை. கண்ணில் அதிகம் படாத ஓரிடத்தில், எல்லா அடுக்குகளும் படிப்படியாகத் தெரியுமாறு ஒரு சிறு கட்டத்தை விட்டுவைக்கிறார்கள். இப்பொருள் எந்தெந்தக் காலத்தில் எவ்வெவ்வாறு இருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாகும். தன்னைத் திருத்திக்கொண்ட மனிதனுக்கும் இவ்வழக்கம் ஏற்றதே. முன்பு தான் இருந்த நிலையை அடியோடு மறந்தவன், இன்று அந்நிலையில் இருக்கும் பிறரிடம் இரக்கம் காட்ட அறியான்.

அவசரமாக உரிப்பதன் விளைவு, உரிக்கப்படும் பொருளோடு நின்றுவிடுவதில்லை. பழைய வர்ணங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருந்தது. ஈயத்தின் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பதும், இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு அதற்கு இல்லை என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகள். இந்திய அரசு 2016ஆம் ஆண்டில் விதிகளை வகுத்து, வீட்டு வர்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மிகலாகாது என வரையறுத்தது. 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆயினும் முன்னரே பூசப்பட்ட வர்ணம் பழைய கதவுகளில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அதனை உலர்ந்த நிலையில் தேய்ப்பவன் தன் கதவை அழகு செய்கிறான். தூசோ முற்றத்தில் விளையாடும் குழந்தையின் கையிலும் வாயிலும் சேர்கிறது. நனைத்துத் தேய்ப்பதும், குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்புறப்படுத்துவதும், விழுந்த செதிள்களைத் திரட்டி அகற்றுவதும் இத்தொழிலின் தருமங்கள். மெத்திலீன் குளோரைடு என்னும் சரக்கு வர்ணத்தை விரைந்து உரிப்பது. மூடிய அறையில் அதன் ஆவியைச் சுவாசித்துத் தொழிலாளர் பலர் மேனாடுகளில் உயிரிழந்தனர். வர்ணம் நீக்குவதற்காக அதனைப் பொதுமக்களுக்கு விற்பதை அமெரிக்க நாடு 2019ஆம் ஆண்டில் தடை செய்தது. மெய்யைக் காணும் ஆர்வம் நல்லதுதான். அதற்காகக் கையாளும் வழியும் நல்லதாக இருத்தல் வேண்டும் என்பதற்கு இவை சான்றுகள்.

தமிழகத்துத் திருக்கோயில்களும் இப்பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றன. கருங்கல் தூண்களில் காலங்காலமாகப் படிந்த சுண்ணாம்பையும் வர்ணத்தையும் போக்குவதற்கு, மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் முறையைப் பல கோயில்களில் கையாண்டனர். கல் வெளுத்துப் பளிச்சென்று ஆயிற்று. ஆனால் சிற்பியின் உளி பட்ட தடமும் சிற்பங்களின் கூர்மையும் மழுங்கின. கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. அறிஞர்கள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின்னரே அம்முறை விலக்கப்பட்டது. இதற்கு மாறாக, திருவரங்கம் பெரிய கோயிலில் பழைய முறைகளைத் தழுவிப் பொறுமையுடன் நிகழ்ந்த திருப்பணி, 2017ஆம் ஆண்டில் ஆசிய பசிபிக் பகுதிக்கான யுனெஸ்கோ பாரம்பரியப் பாதுகாப்பு விருதைப் பெற்றது. மணலடித்த இடங்களிலும் திருவரங்கத்திலும் பழமையை வெளிக்கொணர்வதே நோக்கம். வேறுபாடு கையின் பொறுமையில்தான் இருந்தது.

காழ் இருக்கும் இடம்

எதை நீக்கலாம் என்ற வினாவுக்கு, வேம்பார்க் கரையே மூன்று பொருள்களைக் காட்டி விடை சொல்கிறது. முதலாவது தேக்கு, இரண்டாவது பனை, மூன்றாவது முத்து.

தொல்காப்பியத்து மரபியலில் தாவரங்களை இரு கூறாகப் பிரிக்கும் முறை ஒன்று உண்டு. உள்ளே வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் பெற்றவற்றைப் புல் என்றும் அந்நூல் வகுக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்னும் சொற்கள் இவ்வேறுபாட்டைக் குறிப்பவை. தேக்கு அகக்காழ் உடையது. அதன் நடுவில் உள்ள வைரமே செல் அரிக்காத பகுதி. செல்லை விரட்டும் சத்து அதன் உள்ளேயே இயல்பாக ஊறியிருக்கிறது. மேலே பூசிய வர்ணத்தைத் தக்க முறையில் நீக்கினால் தேக்குக்கு இழப்பு ஒன்றும் இல்லை. பனையின் தன்மையோ நேர் எதிர். பனையின் உறுதி முழுவதும் புறத்தே கருமையாக ஓடும் நாரில் இருக்கிறது. நடுவே இருப்பது சோறு போன்ற மெல்லிய பகுதி. வீட்டுக் கூரைக்குப் பனங்கை அறுக்கும் தொழிலாளர் அப்புறவைரத்தையே நாடி எடுப்பர். மெய் உள்ளேதான் இருக்கும் என்று எண்ணிப் பனையின் புறத்தைச் செதுக்குபவன் கூரையை இழப்பான். கையில் சிலாம்பு ஏறுவதொன்றே அவன் கண்ட பலனாகும்.

மனிதரின் பண்புகளிலும் அகக்காழும் உண்டு, புறக்காழும் உண்டு. செருக்கும் பகட்டும் தேக்கின்மேல் பூசிய வர்ணம் போன்றவை. அவை நீங்கினால் மனிதன் குறைவதில்லை. நாணமும் நாவடக்கமும் பெரியோர் முன் பணிவும் நாள்தோறும் தவறாத அனுஷ்டானமும் புறத்தே தெரிபவைதாம். ஆயினும் அவை பனையின் புறவைரம் போன்றவை. உள்ளத்தில் பக்தி இருந்தால் போதும், வெளி ஆசாரங்கள் எதற்கு என்று கேட்பவர் உண்டு. அவற்றுள் வெறும் பகட்டாகிப்போனதும் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் உள்ளம் தளர்ந்த நாட்களில், பழக்கத்தால் வைகறையில் எழுந்து நீராடித் திருமண் இட்டுக்கொண்டு கோயிலுக்குச் சென்ற கால்களே மனத்தைத் தாங்கி நிறுத்தியதைப் பலர் தம் வாழ்வில் கண்டிருப்பர். உள்ளே மென்மையாகிப் போன காலத்தில் புறவைரமே கூரையைத் தாங்குகிறது.

முத்தின் நிலை இவ்விரண்டினும் வேறானது. முத்துச் சிப்பியின் உள்ளே ஏதேனும் சிறு ஒட்டுயிர் புகுந்தாலோ தசையில் காயம் நேர்ந்தாலோ, சிப்பி அதனைத் தன் உடலிலிருந்து சுரக்கும் பொருளால் மூடுகிறது. மிக மெல்லிய அடுக்கின்மேல் அடுக்காக அம்மூடல் தொடர்கிறது. ஒளி அவ்வடுக்குகளின் ஊடே புகுந்து மீளும்போது எழுவதே முத்தின் நீரோட்டம். முத்து என்பது அடுக்குகளின் திரட்சியே. அடுக்குகளை எல்லாம் நீக்கிவிட்டு மெய்யான முத்தைத் தேடினால் எஞ்சுவது ஒரு துரும்புகூட இல்லை. மங்கிய முத்தின் மேலடுக்கை உரித்தால் கீழே ஒளிமிக்க அடுக்கு கிடைக்கலாம் என்ற ஆசையால், அவ்வேலையில் தேர்ந்த நகைத் தொழிலாளர் சிலர் முத்தை உரித்துப் பார்ப்பதுண்டு. சில வேளை நல்ல அடுக்கு கிடைக்கும். பல வேளை முத்தே இல்லாது போகும். மன்னார் வளைகுடாவில் அரசினர் மேற்பார்வையில் நிகழ்ந்துவந்த முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. 1973ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியை வளர்த்து முத்து விளைவிப்பதில் வெற்றி கண்டனர். அவர்கள் செய்ததும் சிப்பியின் உள்ளே ஓர் உறுத்தலை வைத்துவிட்டு, அது தன் பொறுமையால் அதனை மூடும்வரை காத்திருந்ததே.

துன்பம் ஒன்றைப் பிறர் அறியாது தம்முள்ளே பொறுத்து, அதன்மேல் அன்பையும் சேவையையும் அடுக்கடுக்காக வளர்த்துக்கொண்ட மனிதர் எத்தனையோ பேர். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த தாய் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறாள். அவள் முகத்தில் காணும் புன்னகை, உள்ளே இருக்கும் துயரத்தை மறைக்கிறது என்பது உண்மையே. அதற்காக அப்புன்னகையைப் பொய் என்று சொல்வாருண்டோ? அது முத்து.

பிறரை உரிக்கும் தருமம்

நீக்குவதற்கு உரியவர் யார் என்ற வினா இங்கே எழுகிறது. தன் கதவைத் தானே உரித்துக்கொள்ளத் துணிபவர் சிலர். அயலார் கதவைச் சுரண்டிப் பார்க்கும் ஆவல் உடையவர் பலர். உள்ளதை உள்ளபடி சொன்னேன் என்பது அவர்கள் கூற்று. திருவிழா நாளில் கடன் வாங்கிப் புத்தாடை உடுத்திப் பிள்ளைகளை அழைத்து வந்த ஒருவனை, நாலு பேர் நடுவே, உன் நிலைமை எனக்குத் தெரியாதா என்று கேட்பவன் பொய் சொல்லவில்லை. ஆயினும் அவன் செய்தது பாவமே. அந்த ஆடை எவரையும் ஏமாற்ற உடுத்தியதன்று. பிள்ளைகளின் மனம் குன்றாதிருக்க உடுத்தியது. மெய் சொல்லியதால் எவருக்கும் நன்மை விளையவில்லை. ஒரு குடும்பத்தின் மானம் மட்டும் தேய்ந்தது.

அப்படியாயின் பிறருடைய பூச்சை ஒருபோதும் தொடலாகாதோ எனின், அதுவும் பொருந்தாது. கலப்பட மருந்தை நல்ல மருந்தென விற்பவனையும், பொதுப்பணத்தைக் கையாடிவிட்டுத் தருமவானாக உலவுபவனையும், குழந்தைகளுக்குத் தீங்கு செய்துவிட்டு மரியாதை என்னும் திரைக்குப் பின் நிற்பவனையும் வெளிப்படுத்தாமல் இருப்பது, அவர்களுடைய பூச்சுக்குத் தானும் ஒரு கை வர்ணம் அடிப்பதற்கு ஒப்பாகும். அப்பூச்சின் அடியில் செல் அரித்துக்கொண்டிருக்கிறது. உரிக்காவிடில் வீடே விழும். ஆதலின் ஒன்றை உரிக்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இதுவே: இம்மறைப்பினால் கேடுறுபவர் யார்? எளியோர் கேடுறுவாராயின் உரிப்பது கடமை. மறைத்தவரின் மானம் ஒன்றே அதனால் காக்கப்படுகிறதாயின் விட்டுவைப்பது கடமை. இவ்விரண்டுக்கும் இடையே ஐயம் தோன்றும் இடங்களும் உண்டு. அங்கே, தச்சர் மறைவான மூலையில் உரித்துப் பார்ப்பதுபோல, அம்மனிதரிடம் தனியே சென்று பேசுவதே முதற்படி.

உயிருள்ள மரத்தின் பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால், அம்மரம் பட்டுப்போகும். உணவு செல்லும் வழி பட்டையை ஒட்டியே அமைந்திருக்கிறது. இதே தாமிரபரணி நாட்டில், ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் எழுந்தருளியிருந்த திருப்புளியாழ்வாரைச் சேவிக்கும் அடியார்கள் அதன் பட்டையில் ஒரு துணுக்கையும் பெயர்க்க எண்ணார். தொலைவில் நின்று கைகூப்புவர். மனிதரும் உயிருள்ள மரங்களே என்ற நினைவு இருக்குமாயின் பிறரிடத்தில் கை தானே அடங்கும்.

அலங்காரமும் மறைப்பும்

பூச்செல்லாம் பொய் என்று கொள்வதற்குத் திருக்கோயில் வழிபாடே பெரிய மறுப்பாக நிற்கிறது. திருமால் அலங்காரப் பிரியர் என்பது நாட்டு வழக்கு. திருமஞ்சனத்தின்போது ஆபரணங்களும் மாலைகளும் களையப்பெற்று எம்பெருமானின் திருமேனியை அடியார்கள் கண்குளிரச் சேவிக்கின்றனர். உடனே சாற்றுப்படி தொடங்குகிறது; பட்டும் பூவும் திருவாபரணங்களும் மீண்டும் சாற்றப்பெறுகின்றன. களைந்து சேவிப்பதும் அன்பே. சாற்றி மகிழ்வதும் அன்பே. அலங்காரத்துக்கும் மறைப்புக்கும் உள்ள வேறுபாடு இங்குத் தெளிவாகிறது. அலங்காரம், தான் தழுவிய பொருளின் அழகைக் கண்டுகொள்ள உதவும். வேண்டும்போது அதனைக் களையவும் இயலும். மறைப்போ, அப்பொருளை மறக்கச் செய்யும். ஒட்டிக்கொண்டு விலக மறுக்கும்.

மறைத்து வைப்பதுவே காத்து வைப்பதாகும் இடமும் உண்டு. காஞ்சிபுரத்தில் அத்திமரத்தாலான அத்திவரதர் அனந்தசரஸ் திருக்குளத்தின் நீருக்கடியில் எழுந்தருளியிருக்கிறார். 1979ஆம் ஆண்டில் சேவை சாதித்த அப்பெருமாள், மீண்டும் 2019ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி தொடங்கி 48 நாட்கள் இலட்சக்கணக்கான மக்களுக்குக் காட்சி தந்து, பின்னர் நீருக்குள் எழுந்தருளினார். காற்றுப் படாதபடி முழுதும் நீரில் மூழ்கிய மரத்தைப் பூஞ்சை எளிதில் அரிப்பதில்லை என்று மரநூலார் கூறுவர். எப்போதும் வெளிப்பட்டு நிற்பதே மெய்க்குப் பெருமை என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் தகும்.

உரித்த பின்

வர்ணம் நீங்கிய மரத்தை அப்படியே விட்டுவிடுவது அறியாமை. வேம்பார் போன்ற கடற்கரையில் வெறும் மரம் இரண்டு மூன்று மழைக்காலங்களிலேயே வெளுத்து வெடிக்கத் தொடங்கும். ஆளிவிதை எண்ணெயையோ அவலரக்கையோ தேன்மெழுகையோ மெல்லியதாக ஊட்டி மரத்தைக் காக்க வேண்டும். இதுவும் ஒரு பூச்சுத்தான். ஆனால் இப்பூச்சு மரத்துக்குள்ளே இறங்குகிறது; ரேகையை மறைக்காமல் துலக்குகிறது; ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும் என்ற பணிவையும் வீட்டாருக்குக் கற்பிக்கிறது. தன் செருக்கை விட்டவன் வேறு காப்பு எதுவும் வேண்டேன் என்று நிற்பானாயின், நான் செருக்கை விட்டவன் என்ற புதிய வர்ணம் விரைவிலேயே ஏறிவிடும். ஸத்ஸங்கமும் நாமஸங்கீர்த்தனமும் நாள்தோறும் ஊட்ட வேண்டிய எண்ணெய் போன்றவை.

மற்றொன்றும் கருதத்தக்கது. காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் பல உள்ளன. இடிக்கப்பட்ட செட்டிநாட்டு வீடுகளின் நிலைகளும் கதவுகளும் தூண்களும் அங்கே வந்து சேர்கின்றன. வர்ணம் உரித்து மெருகேற்றப்பெற்றுப் பெருநகரங்களுக்குச் செல்கின்றன. விறகாகிப்போக இருந்தவை காக்கப்படுகின்றன என்ற அளவில் அது நன்றே. எனினும் அவற்றுள் பல கதவுகள் சுவரில் சாய்த்து வைக்கும் அழகுப் பொருளாகவோ கண்ணாடி பதித்த மேசையாகவோ முடிகின்றன. மரம் தன் நிறத்தைப் பெற்றது. கதவு தன் தொழிலை இழந்தது. வருவோர்க்குத் திறப்பதும் இரவில் மூடிக் காப்பதும் கதவின் இயல்பு. அவ்வியல்பு மீளாதபோது நிறம் மட்டும் மீண்டு பயன் என்ன?

விசிஷ்டாத்வைத ஸித்தாந்தத்தில் ஜீவனைப் பற்றிச் சொல்லப்படும் உண்மை இவ்விடத்தில் தெளிவாக விளங்குகிறது. ஜீவன் இயல்பில் ஞானமும் ஆனந்தமும் உடையவன். வினையின் சேர்க்கையால் அவன் ஞானம் சுருங்கிக் கிடக்கிறது. மோக்ஷத்தில் அவன் புதியதோர் உருவத்தைச் சம்பாதிப்பதில்லை. தனக்கு என்றும் உரிய ஸ்வரூபமே மறைப்பு நீங்கி வெளிப்படுகிறது என்று பிரம்மஸூத்திரத்தின் நான்காம் அத்தியாய இறுதிப் பாதத்துக்கு எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் விளக்கம் அருளினார். இரத்தினத்தின் அழுக்கைக் கழுவும்போது ஒளி புதிதாக உண்டாக்கப்படுவதில்லை என்ற பழைய உவமையும் அங்கே எடுத்தாளப்படுகிறது. யான், எனது என்னும் செருக்கே அந்த அழுக்கு. அது நீங்கினால் வெளிப்படுவது எது? எம்பெருமானுக்கு அடிமை பூண்டிருக்கும் சேஷத்வமே ஜீவனின் இயல்பு என்பது பூர்வாசார்யர்களின் முடிபு. அதன் பயனாக விளைவது கைங்கர்யம். மறைப்பு நீங்கிய ஜீவன் தன் அழகைத் தானே பார்த்துக்கொண்டு நிற்பவனல்லன், பணிசெய்யப் புறப்படுபவன். கதவின் உவமை இவ்விடத்தில் முற்றும் பொருந்துகிறது.

பொருந்தாத இடமும் ஒன்று உண்டு. எந்தக் கதவும் தன்னைத் தானே உரித்துக்கொள்வதில்லை. அதற்கு ஒரு தச்சர் வேண்டும். ஆனால் அத்தச்சர் வரவேண்டும் என்று கதவு விரும்புவதில்லை. மனிதனால் விரும்ப முடியும். ஆசார்யனிடம் சென்று, எது பூச்சு, எது வைரம், எது முத்து என்று எனக்குத் தெரியவில்லை, தேவரீரே கண்டு நீக்கவேண்டும் என்று விண்ணப்பிக்க முடியும். தன் கையில் உள்ள உப்புத்தாளைக் கீழே வைப்பதே அவ்விண்ணப்பத்தின் முதற்பகுதி.

திருவிழா முடிந்து ஊர் திரும்பும் அடியார்கள், தத்தம் இல்லத்து வாசற்கதவைத் திறக்கும்போது அதன் வர்ணத்தின் அடியில் ஒரு நல்ல மரம் இருக்கலாம் என்பதை நினைவுகூர்வார்களாக. அக்கதவுக்கு அப்பால் இருக்கும் உற்றார் ஒவ்வொருவரிடத்திலும் அவ்வாறே ஒன்று உண்டு என்று மதித்து, அவர்கள்பால் பொறுமையும் கனிவும் காட்டுவார்களாக. நீக்க வேண்டுவதை நீக்கவும், காக்க வேண்டுவதைக் காக்கவும், இரண்டையும் வேறுபடுத்தி அறியவும் திருமகள் கேள்வனின் திருவருள் அனைவருக்கும் துணை நிற்பதாக.